அக்கா எடுத்த பாதி

என் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டை கிடையாது. முன்னால் அகலக் கோண லென்ஸ், பின்னால் படத்தைப் பிடிக்கும் டிஜிட்டல் பெட்டி, நடுவில் ஒரு உலோகத் தகடு, அவ்வளவுதான். தூரத்தை அளந்து லென்ஸில் வைத்து, ஷட்டரைக் கையால் ஏற்றி, தொங்கும் ஒயரின் முனையை அமுக்க வேண்டும். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஆகும். நான் படமெடுக்கும் கீழப்பழுவூர்க் கோயில் கற்களுக்கு அவசரமில்லை. பெரம்பலூரில் தனியாகக் குடியிருக்கும் எனக்கும் இல்லை.

அக்காவும் நானும் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் கருமாதியை யார் வீட்டில் வைப்பது என்று தொடங்கிய வாய்ச்சண்டை. அவளுக்கு நான் சளைத்தவனில்லை, எனக்கு அவள் சளைத்தவளில்லை. அவள் மகள் மட்டும் எனக்கு போன் செய்வாள். தன் பிள்ளைக்குக் காது குத்துவதாகவும், ஆண்டிமடம் பக்கத்துக் குலசாமி கோயிலுக்கு அந்தப் பெரிய கேமராவோடு வரவேண்டும் என்றும் அவள்தான் கூப்பிட்டாள். மொத்தக் குடும்பமும் ஒரே படத்தில் வேண்டுமாம். போனேன். அக்கா ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்ற ஆசைதான்; படமெல்லாம் சாக்கு.

அவள் பேசவில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்த காப்பியில் சர்க்கரை இல்லை. நான் அப்படிக் குடிப்பது அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முந்திரி மரங்களுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தினேன். இந்த லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். பருமனான ஆளை அங்கே நிறுத்தினால் படத்தைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார். ஒல்லியானவர்களை ஓரத்துக்கு அனுப்பினேன். அக்கா தானாகவே இடது ஓரத்தில் போய் நின்றாள். அப்படியும் ஒரே படத்தில் கூட்டம் அடங்கவில்லை. இந்தக் கேமராவில் அதற்கு வழி உண்டு. லென்ஸை அசைக்காமல் பின்பெட்டியை மட்டும் நகர்த்தி, இடது பாதியை ஒருமுறை, வலது பாதியை ஒருமுறை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம்.

இடது பாதியை எடுத்ததும், அந்தப் பக்கம் முடிந்தது என்று வாயைவிட்டுச் சொல்லித் தொலைத்தேன். கோயில் சுவரிடம் பேசிப் பழகியவன் புத்தி. சுவர் எங்கே போகப்போகிறது? பாதிக் குடும்பம் கெடா விருந்துப் பந்திக்கு ஓடிவிட்டது.

வலது பக்கத்தில் பிள்ளையோடு நின்றிருந்த அக்கா மகள், "நீங்க இல்லாம என்ன மாமா குடும்பப் படம்? இந்தப் பாதியில வந்து நில்லுங்க," என்றாள்.

ஒயரை அமுக்க ஒரு ஆள் வேண்டும். வலது பக்கத்தார் நகரக்கூடாது. இடது பக்கத்தில் பந்திக்குப் போகாமல் நின்றது அக்கா ஒருத்திதான். மகள் அவளையே அமுக்கச் சொன்னாள். நான் பின்பெட்டியை நகர்த்தி, ஷட்டரை ஏற்றிவிட்டு ஒயரை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். நான் வலது ஓரத்தில் போய் நின்றேன்.

"சட்டைப் பட்டன் தொறந்து கெடக்கு. போட்டுக்கடா," என்றாள்.

போட்டுக்கொண்டேன். அவள் அமுக்கினாள். ஒயரைக் கேமராவிலேயே தொங்கவிட்டுவிட்டுப் பரிமாறப் போய்விட்டாள். சாப்பிடும்போது என் இலைப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வீம்பு அவ்வளவு சுலபத்தில் சாகாது. அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

வீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதியையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. படம் வந்துவிட்டதாக அக்கா மகள் போன் செய்தாள். உங்கம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"படத்தையே பாத்துக்கிட்டே இருந்தாங்க."

எனக்கென்று ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். பேச ஆளில்லாத இந்த வீட்டில் அதை எடுத்துப் பார்த்தால் சில நாள் அழுகை வந்துவிடுகிறது. ஆளுக்கொரு ஓரத்தில் நாங்கள் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் கேமராவைப் பார்ப்பதாகத்தான் தோன்றும். அவளை எடுத்தபோது கேமராவுக்குப் பின்னால் நின்றவன் நான். என்னை எடுத்தபோது நின்றவள் அவள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறோம்.