நாலு எல்லையும் கடல்

இனிகோவுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பான். காலில் சக்கரம் என்று ஊர் கேலி செய்யும். ஊருக்கென்ன, சொல்லும். உண்மையில் அவனை உட்காரவிடாதது ஒரு சுவர்.

அப்பன் வீட்டை அண்ணன் மரியானும் அவனும் நடுவில் மண்சுவர் எழுப்பிப் பங்கு போட்டிருந்தார்கள். மழைக்கு மழை சுவர் விழும். விழும்போதெல்லாம் மரியான் அதை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளிக் கட்டுவார். கேட்டால் ஏச்சுத்தான் மிச்சம். கடைசியில் இனிகோவும் மனைவி அல்போன்சாவும் பாய் விரித்துப் படுத்தால் கால் சுவரில் இடித்தது.

எழுபத்துமூன்றாம் வருஷம் தோணியில் சமையலுக்கு ஆளாக மாலத்தீவு போய்வந்தான். அங்கே தனித்தீவில், சுவரும் வேலியும் இல்லாத மணலில், வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துப் படுத்திருந்ததைக் கண்டதிலிருந்து ஆளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏளா, நாம ஒரு தீவு வாங்குவோம்."

"ஓடு மாத்த வக்கில்ல, தீவு வாங்கப் போறீகளோ?"

"சிரிக்காத. நாலு எல்லையும் கடலு. எந்த அண்ணன் வந்து சுவரத் தள்ளுவான்?"

அல்போன்சாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் காலும்தானே இடித்துக்கொண்டிருந்தது.

கரையிலிருந்து வள்ளத்தில் பாய் விரித்தால் ஒரு மணி நேரத்தில் கிளாத்தித் தீவு. வெறும் மணல், கொஞ்சம் முட்புதர். அது சாயர்புரம் தேவபிரசாதத்துக்கு அவருடைய தாத்தா வழியில் வந்திருந்தது. அவர் அதில் கால்கூட வைத்ததில்லை. "ஆடுகூட மேயாது வேய், ஒமக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொள்ளை மலிவில் கொடுத்தார். அதற்காக இனிகோ தன் பாதி வீட்டை மரியானுக்கே விற்றான். இனித் திரும்பிப்போக ஊரில் ஒரு சாண் இடம் கிடையாது.

வீடு கட்டக் கல்லுக்குப் பஞ்சமில்லை. தீவைச் சுற்றி இடுப்பளவு தண்ணீரில் பார் கிடந்தது, வெள்ளை வெள்ளையாகப் பவளப்பாறை. தூத்துக்குடியில் பாதி வீடு அந்தக் கல்தான். கடப்பாரையால் பேர்த்துப் பேர்த்து ஓர் அறை எழுப்பினான். அல்போன்சா தனி அடுப்படி கேட்டாள். அதுவும் ஆயிற்று. அப்புறமும் அவன் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. வீட்டைச் சுற்றி மதில் எடுக்க ஆரம்பித்தான்.

"இங்கன யாரு வரப்போறான்னு இம்புட்டு உயரத்துக்கு?"

"மதிலு இல்லாம அது என்னளா வீடு?"

பழக்கதோஷம், வேறென்ன! வீட்டுக்குப் போனதைவிட மதிலுக்குப் போன கல்தான் அதிகம். மதில் முடிந்த அன்று இனிகோ சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். அல்போன்சாவுக்குக் கண் நிறைந்தது.

கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தது. முன்பெல்லாம் எட்டப் பாரில் மோதி உடைந்த அலை, இப்போது நேரே மணலுக்கு வந்தது. தினமும் சாண் சாணாகக் கரை குறைந்தது. இனிகோ மறுபடியும் தட்டோடு நடந்தான்.

"எங்க அண்ணன் மாதிரியேல்லா தள்ளிக்கிட்டு வருது இந்தக் கடலு!"

மதிலின் ஒரு பக்கம் சரிந்த அன்று வள்ளத்தில் ஏறினார்கள். தண்ணீர் அடுப்படிக்குள் நுழைவதைப் பார்த்து அல்போன்சா கடலை வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

"கடல ஏசாத," என்றான் இனிகோ. "பாருதான்ளா நம்ம எல்லக்கல்லு. அதப் புடுங்குனது நான்."

கரையில் மரியான் நின்றிருந்தார். மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். வீடு முழுக்கத் தனதான பிறகு நடுச்சுவரை அவர் இடித்துப் போட்டிருந்தார். அது இருந்த இடத்தில் பாயை விரித்தார்.

"இங்கன படுல. இப்பம் காலு இடிக்காது."

அண்ணி தட்டில் சோறு கொண்டுவந்தாள். இனிகோ அதை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். சுவர் இல்லாத வீட்டில் எங்கே திரும்புவதென்று அவனுக்குத் தெரியவில்லை.