நான்கு ஓரமும் ஒட்டிய படங்கள்

கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த நான்காவது நாள், மூணாறில் நாங்கள் இருவரும் நடத்திவந்த ஃபிரேம் கடையை நான் தனியாகத் திறந்தேன். ஷட்டரைத் தூக்கினேன். பெருக்கினேன். மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணி வாக்கில், மேலே ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஜீப்பில் வந்து இறங்கினார். மழைக்காலத்துக்கு முன் அவருடைய அறைகளுக்கு நாங்கள் ஃபிரேம் போட்டுக் கொடுத்த ஆறு படங்களும் திரும்பி வந்திருந்தன. தேயிலைச் சரிவு, வரையாடு, பனிமூட்டம் என்று சுற்றுலாக்காரர்களுக்காக அச்சடிக்கும் மலிவான படங்கள். கண்ணாடிக்குப் பின்னால் தாள் அலை அலையாகப் புடைத்திருந்தது.

"இந்த நேரத்துல வந்துட்டேன்னு நெனைக்காத தங்கச்சி. நாளைக்கு ரூமுக்கு ஆளு வாராங்க."

"வச்சிட்டுப் போங்கக்கா. சாயங்காலம் தாரேன்."

பின்பக்கத்தைப் பிரித்ததும் தெரிந்தது. நான்கு ஓரமும் டபுள் சைடு டேப். என் கணவரின் வேலை. இதற்காக எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். இந்த ஊர் ஈரத்தில் தாள் விரியும், அதற்கு இடம் வேண்டும், மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு துண்டு பேப்பர் டேப் போட்டுத் தொங்கவிட்டால் போதும் என்பேன். "சீப்பான படத்துக்கு எதுக்கு இம்புட்டு வைத்தியம்?" என்பார். நான் சொன்னதே சரியென்று ஆனதில் ஒரு கோபமாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஹேர் டிரையரால் சூடு காட்டி, தாளுக்கும் பின்அட்டைக்கும் இடையில் தையல் நூலை விட்டு டேப்பை அறுத்தேன். நான்கு படங்கள் முழுசாக வந்தன. இரண்டு கிழிந்தன. ஒரு டேப்பின் பசையில் அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. பார்த்தேன். குப்பையில் போட்டேன். கை அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

அலமாரியில் செலோ டேப் இருந்தது, சீக்கிரமே மஞ்சளித்துவிடும். பிரவுன் டேப் ஃபிரேமின் முதுகை மூடத்தான் ஆகும். பேப்பர் டேப்பை எடுத்தேன். கிழிந்த இரண்டுக்கும் கடையிலேயே வேறு பிரதி இருந்தது. ஆறையும் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டி முடித்தேன்.

சாயங்காலம் அக்கா வந்தார். "என்னம்மா கோளாறு? அவரு ஒட்டுனதா?"

"இல்லக்கா. நாந்தான் டேப்பை மாத்திப் போட்டுட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆர்டர் கொடுக்க வந்த அன்று எங்கள் டேப் சண்டையை நின்று கேட்டவர்தான் அவர்.

"கடையப் பூட்டு. வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போ," என்றார்.

ஜீப்பில் போனோம். ஆறு படங்களையும் மாட்டினேன். அவர் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்தார்.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்குக்கா," என்றேன். எனக்கு எந்த ருசியும் தெரியவில்லை. தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன்.