கழுகுமலைச் சாலையில் ஒரு கதவு, இரண்டு பூச்சு

போன வியாழக்கிழமை கோவில்பட்டிப் பக்கம் போய் வந்தேன். கோயிலுக்கா என்று கேட்காதீர்கள், ஒரு இரும்புக் கதவைப் பார்க்கத்தான் போனேன். இரும்பு துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சு அடிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கழுகுமலைச் சாலையில் ஒரு தீப்பெட்டி ஆலை. தீக்குச்சி மருந்தில் உள்ள உப்பு இரும்பைத் தின்றுவிடும். போன வருடம் ஆலை முதலாளி, மருந்துக் கொட்டகையின் இரட்டைக் கதவில் இடப்பக்கத்தைக் கோவில்பட்டி செல்வராஜிடமும் வலப்பக்கத்தை மதுரைக்காரனான என்னிடமும் கொடுத்தார். மழைக்காலம் தாண்டி யாருடைய பூச்சு நிற்கிறதோ, அவருக்கே ஆலை முழுவதும் வேலை. இரண்டுமே, கிராஃபீன் என்கிற கரித்தூள் கலந்த எபாக்சி பிசின் பூச்சுதான். வெறும் எபாக்சியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ஈரம் இறங்கும். கிராஃபீனின் மெல்லிய தகடுகள் உள்ளே பரவி நின்றால், ஈரம் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். நூறு கிலோவுக்கு அரைக் கிலோ போதும் என்று செல்வராஜே என்னிடம் சொல்லியிருந்தார். நான் ஒன்றரை போட்டேன். அவரைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டாமா?

காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி, எட்டேகாலுக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய். பேரம் பேசாமல் ஏறியது என் தப்பு.

"செல்வராஜ் அண்ணாச்சி அடிச்ச கதவா? எவ்வளவு மழை பேஞ்சும் ஒண்ணும் ஆவலையாமே! என் வண்டித் தகரத்துக்கும் அவியதான் அடிச்சுக் குடுத்தாவ" என்றார், நான் போகும் காரியத்தைக் கேட்ட ஓட்டுநர். இரண்டு பக்கமும் கரிசல் காடு அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்ததில் எதையும் பார்க்கவில்லை.

ஆலைக்குப் போனதும் இடப்பக்கக் கதவைத்தான் முதலில் தடவினேன். ஒரு கொப்புளமாவது இருக்காதா என்று கீல் ஓரத்தை நகத்தால் கீறினேன். வழவழவென்று இருந்தது.

"என்ன தம்பி, அங்கன என்னத்தச் சுரண்டுதீங்க? ஒங்க பக்கத்தப் பாருங்க" என்றார் முதலாளி.

என் பக்கம் முழுக்கப் பொரிப்பொரியாக வெடித்து, செந்துரு வழிந்திருந்தது. முதலாளி ஆலை வேலையை அங்கேயே செல்வராஜுக்குக் கொடுத்துவிட்டார்.

அங்கே நின்றிருந்த செல்வராஜ், "எவ்வளவு போட்டிய அண்ணாச்சி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கூடிப்போனா தகடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டி தட்டிரும். கட்டியச் சுத்தி ஓட்டை விழுந்துரும். நம்ம பட்டறைக்கு வாங்க, கலக்குததக் காட்டுதேன்."

தொழில் ரகசியத்தை ஒளித்து வைக்கிற ஆளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை மனிதர். அவசர வேலை என்று பொய் சொல்லி மதுரைப் பேருந்தில் ஏறிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழை நாளில் வேண்டாம், கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஆட்டோ வேண்டாம், கழுகுமலைப் பேருந்தே போதும். செல்வராஜ் பட்டறையை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். எப்படிக் கலக்குகிறார் என்று நன்றாகப் பார்த்து வந்து எனக்கும் சொல்லுங்கள். நான் கேட்டதாக மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.