மஞ்சள் தொட்ட கடிதம்

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் எங்கள் பின்வீட்டு அக்கா கடிதம் எழுதித் தரும்படி கேட்டு வந்த மாலையை நினைத்தால், முதலில் அவருடைய கால்கள்தாம் கண்ணில் நிற்கின்றன. வீங்கிப் பளபளத்த பாதங்கள். விரலால் அழுத்தினால் விழும் குழி நெடுநேரம் மேலெழாது. அவருக்கு அப்போது எட்டு மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. தண்டவாள வேலை பார்த்த கணவர் அவரை மருத்துவமனைக்கு அனுப்ப மறுத்ததோடு, அக்கம்பக்கத்தார் அழைத்துப் போகவும் விடவில்லை. "எங்கண்ணன் நேருல வந்து கேட்டாத்தான் விடுவாரு. அவரு பயப்படுற ஒரே ஆளு எங்கண்ணன்தான்" என்றார் அக்கா. அண்ணன் காப்பார்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார்.

அந்த வரிசை வீடுகளில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். வயது இருபது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

"ஒடம்பு மோசமா இருக்கு, ஒடனே வந்து கூட்டிட்டுப் போன்னு எழுதுங்கம்மா. அவ்வளவுதான்."

"அப்படி மொட்டையா எழுதக் கூடாதுக்கா. பிரிச்சதும் பயந்துடுவாங்க."

"பயப்படட்டுமே. பயந்தாத்தானே வருவாரு?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்து, "சரி, படிச்சவங்க நீங்க. ஒங்களுக்குத் தெரியாததா" என்று விட்டுக்கொடுத்தார்.

முறைப்படி எழுதினேன். இவ்விடம் யாவரும் இறையருளால் க்ஷேமம் என்று தொடங்கி, அண்ணியையும் பிள்ளைகளையும் பெயர் பெயராக விசாரித்து, மழையைப் பற்றி எனக்குப் பிடித்த இரண்டு வாக்கியங்களும் சேர்த்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில்தான் விஷயம் வந்தது. "தங்கள் தங்கைக்குத் தேகம் சற்று அசௌக்கியமாய் இருப்பதால், அவகாசம் வாய்க்கும்போது வந்து பார்த்துப் போனால் ஆறுதலாயிருக்கும்." வீங்கிய கால் அதில் இல்லை. எட்டு மாதம் இல்லை. எந்த நாளுக்குள் வர வேண்டும் என்பதும் இல்லை. துக்கச் செய்தியென்றால் காகிதத்தின் மூலையில் கறுப்பு, சுபச் செய்தியென்றால் மஞ்சள் என்பது எழுத்தறியாதவர்களும் அறிந்த வழக்கம். மூலையை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. நான்கு மூலைகளிலும் மஞ்சள் தொட்டேன். மங்கலமாக இருக்கட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். கடிதம் பார்வைக்கு அழகாயிருக்க வேண்டும் என்பதற்காகவே செய்தேன் என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

தோட்டத்தில் பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்பின்போது, எழுத்தரான கிராணியார்தான் கடிதங்களைப் படித்துச் சொல்வாராம். மஞ்சளைப் பார்த்தார், மூன்று வரி படித்தார். "ஒன் தங்கச்சி வீட்டுல எல்லாரும் சொகமாம்டா. மஞ்சள் தடவியிருக்கு, வளைகாப்பாத்தான் இருக்கும். மீதியை அப்புறம் பார்ப்போம், மரத்துக்குப் போ" என்று கையில் கொடுத்துவிட்டார்.

இங்கே அக்கா நாள்தோறும் வேலியருகே வந்து நின்றார். "சேர்ந்திருக்குமாம்மா?" என்பார். "சேர்ந்திருக்கும்க்கா, இன்னிக்கு வந்துடுவாங்க" என்பேன். ஒன்பதாம் நாள் வலிப்புக் கண்டு, பிள்ளையோடு போய்விட்டார்.

மறுநாள், நாங்கள் சொல்லி அனுப்பிய ஆள் தோட்டத்தை எட்டுமுன்பே, அண்ணன் தாமாகவே வந்து சேர்ந்தார். கையில் ஒரு பொட்டலம் கண்ணாடி வளையல்.

எல்லாம் முடிந்த பின் கடிதத்தை என்னிடம் நீட்டி, முழுவதும் படிக்கச் சொன்னார். என் எழுத்தை நானே உரக்கப் படித்தேன். மழையைப் பற்றிய வாக்கியங்களையும் விடவில்லை.

"கால் வீங்கினது, அந்த ஆளு அனுப்பாதது, இதெல்லாம் எங்க இருக்கும்மா?"

"எழுதலைங்க."

"அவ சொல்லலையா?"

"சொன்னாங்க. நான்தான் எழுதலை."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பது முதல் வரியில் இருக்கும். நலம் விசாரிப்பு கடைசிக்குப் போய்விடும். எழுதியதை, சொன்னவருக்கே ஒருமுறை படித்துக் காட்டாமல் உறையில் இட்டதில்லை. "அபசகுனமா ஆரம்பிக்கிறீங்களே" என்று முகம் சுளித்து வேறு ஆளைத் தேடிப் போனவர்களும் உண்டு. தெளிவாக எழுதுவது எப்படி என்று இன்று என்னிடம் கேட்கும் பிள்ளைகள், நல்ல நல்ல சொற்களாகச் சொல்லித் தருவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் இருப்பது அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியந்தான். எழுத்தறியாத அவருக்கு ஒரு கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

என் கடிதத்தைப் படிக்கச் சொன்ன அன்று மாலையே அண்ணன் இன்னொரு தாளை என் முன் வைத்தார். ஊரில் இருக்கும் தாய்க்குச் சொல்ல வேண்டும். வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "இல்ல, நீங்களே எழுதுங்க. மொத வரியிலயே எழுதுங்க" என்றார். எழுதினேன். மை காய்ந்ததும் தாளைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, "அவ செத்துட்டான்னு எந்த எடத்துல இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். அதற்கு மேலே வேறு வரி ஏதுமில்லை என்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மடித்தார்.