ஊதுபத்தி எரியும் நேரத்தில் ஒரு கூட்டம்

சாய்-யுன் எந்த இடத்தை விட்டும் ஒரே தடவையில் கிளம்பியதில்லை. கதவு வரை போவாள், கைப்பிடியைத் தொடுவாள், திரும்பி வருவாள். "ஒரே ஒரு விஷயம்," என்பாள்.

தைச்சுங் நகரத்தில், சிறு மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து தரும் அலுவலகம் ஒன்றில் அவள் ஒரு குழுவுக்குத் தலைவி. தொலைபேசியில் புகார் கேட்கும் பெண்ணாகச் சேர்ந்து மேலே வந்தவள். மணி அடித்தால் எடுத்தாக வேண்டும் என்ற பழைய பழக்கம் அவளை விடவில்லை. மணி அடிக்காதபோதும் எதையாவது எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்திருந்தது. கீழுலகத்தின் கதவு திறந்து, பசித்தவர்கள் தெருவில் உலவும் மாதம். அவர்களைப் பேய் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல அண்ணன்மார் என்பார்கள். இந்த மாதத்தில் யாரும் வீடு மாறுவதில்லை, கல்யாணம் வைப்பதில்லை, புது வேலையில் சேருவதில்லை. இந்தக் கடைசி வழக்கம்தான் இப்போது சாய்-யுன்னுக்குத் துணை. அவள் குழுவில் இருக்கும் கெங்-ஹாவுக்கு வேறொரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. அந்த மென்பொருளை அடிவரை அறிந்தவன் அவன் ஒருவன்தான். "அவன் போகாம பாத்துக்கறது உன் பொறுப்பு," என்று இயக்குநர் சொல்லிவிட்டார். மாதம் முடிந்து கதவு மூடியதும் அவன் போய்விடலாம்.

அவன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். நேரே கேட்டால் சொல்லமாட்டான். அதனால் மாதந்தோறும் வேலையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்தை அவள் பண்டிகையோடு சேர்த்துவிட்டாள். நல்ல அண்ணன்மாருக்குப் படையல் வைக்கும் நாளில் ஊதுபத்தி எரிந்து முடியும்வரை எல்லோரும் எப்படியும் வாசலில் சும்மா நிற்கத்தான் போகிறார்கள். சும்மா நிற்கும் நேரம் அவளுக்குப் பொறுக்காத ஒன்று.

நடைபாதையில் மேஜை போட்டார்கள். நூடுல்ஸ், பிஸ்கட், குளிர்பானம், முலாம்பழம். விருந்தாளிகளான அண்ணன்மார் முகம் கழுவ ஒரு வாளித் தண்ணீரும் துண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் ஊதுபத்தி புகைந்தது. சாய்-யுன் அட்டைகளை நீட்டினாள்.

"நம்ம வேலையில நம்மள விடாம சுத்துற நல்ல அண்ணன் யாரு? எப்ப வருவார், என்ன கேப்பார், என்ன குடுத்தா போவார்? எழுதுங்க. யார் பேரும் வேண்டாம். இந்த மாசம் பேர் சொல்லக் கூடாது, தெரியுமில்ல?"

பெயரைக் கேட்டால் அண்ணன்மார் கூடவே வந்துவிடுவார்களாம்; அதனால் பெயருக்குப் பதில் பட்டப்பெயர்தான் அந்த மாதம் முழுக்க. கெங்-ஹாவ் 'சோயா', எப்போதும் சோயாப் பால் குடிப்பதால். சோதனைப் பிரிவின் யா-ஜூ வெயிலிலும் குடை பிடிப்பதால் 'குடை'.

"அக்கா, அண்ணன் பொம்பளையா இருந்தா?" என்றாள் யா-ஜூ.

"அதுக்கென்ன, எழுது குடை."

அட்டைகள் சேர்ந்தன. சாய்-யுன் போனைப் பிஸ்கட் பொட்டலங்களுக்கு நடுவே வைத்துவிட்டு உரக்க வாசித்தாள்.

"'படுத்த பிறகு தலைமாட்டுல வெளிச்சமா வரும். பதில் சொல்லலேன்னா கேள்விக்குறி மட்டும் தனியா வரும்.'" அவளே சிரித்தாள். "ஐயோ, எந்த மருத்துவமனை இது?"

அடுத்ததை எடுத்தாள்.

"'சாப்பிடும்போது எதிர்ல வந்து உக்காரும். தானும் சாப்பிடாது.'"

மூன்றாவதை வேகமாகத் தொடங்கினாள். "'போயிடுச்சுன்னு நினைப்போம். கதவுகிட்டேந்து திரும்பி வரும். ஒரே ஒரு...'"

நின்றாள். புகை கண்ணில் பட்டது. எதிர்க் கடையில் ஒருவர் அண்ணன்மாருக்கான காகிதப் பணத்தை எரித்துக்கொண்டிருந்தார். யா-ஜூ குடையை விரித்து, மூடி, மறுபடி விரித்தாள். பெயரில்லாமல் எழுதச் சொன்னது சாய்-யுன்தான். பெயரில்லாத குற்றச்சாட்டுக்கு அவள் யாரிடம் போய்ப் பதில் சொல்வது? காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். கடைசி அட்டை கெங்-ஹாவின் கையெழுத்து. என்ன கொடுத்தால் போகும் என்ற இடத்தில், 'எங்ககிட்ட இருக்கற எதுவும் அதுக்குப் பத்தாது' என்று இருந்தது. அதை அவள் வாசிக்கவில்லை.

"பத்தி முடியப் போகுது," என்றாள், முடியாதபோதே. "அண்ணன்மார்கிட்டயே கேட்டுப் பாத்துடலாம்."

இரண்டு நாணயங்களை உள்ளங்கையில் மூடி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வீசினாள். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் விருந்தாளிகள் சாப்பிட்டாயிற்று. இரண்டும் தலையாக விழுந்தன; அதற்குச் சிரிப்பு என்று பெயர், பதில் கிடையாது.

"சிரிக்கறாங்க," என்றாள் யா-ஜூ மெல்ல.

மறுபடி வீசினாள். இரண்டும் பூ; இன்னும் சாப்பிடவில்லை என்று பதில். உடனே பொறுக்கி மறுபடி கையைத் தூக்கினாள்.

"அக்கா," என்றான் கெங்-ஹாவ். "அவங்க வாயில வெக்கறதுக்குள்ள 'ஆச்சா, ஆச்சா'ன்னா என்ன பண்ணுவாங்க? உக்காருங்க."

அப்போதுதான் போன் அதிர்ந்தது. பிஸ்கட் பொட்டலம் நடுங்கி, அதில் செருகிய பத்தியின் சாம்பல் திரையின் மேல் உதிர்ந்தது. சாம்பலுக்கு அடியில் இயக்குநரின் செய்தி எல்லோருக்கும் தெரியும்படி ஒளிர்ந்தது: 'கெங்-ஹாவ் என்ன சொன்னான்?'

இரண்டு வாரமாக யாரும் உச்சரிக்காத பெயர் படையல் நடுவே கிடந்தது.

சாய்-யுன்னின் கை போனை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது. இதற்காகத்தான் இந்தக் கூட்டமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை கேள்விக்குறி மட்டும்.

யா-ஜூதான் முதலில் சிரித்தாள். "அக்கா, உங்களுக்கும் ஒரு அண்ணன் இருக்காரு போல."

கெங்-ஹாவ் குனிந்து திரையைப் படித்தான். முகத்தில் கோபமில்லை, கனிவும் இல்லை. "என்ன எழுதப் போறீங்க?"

"நீ சொல்லு. போறியா, இல்லையா?" கேட்டு முடிக்கும் முன்பே தன் குரலும் இயக்குநரின் கேள்விக்குறி போலவே அவளுக்குக் கேட்டது.

அவன் வாளித் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான். "போகணும்னுதான் இருந்தேன். இப்பவும் அப்படித்தான் தோணுது. கதவு மூட இன்னும் பாதி மாசம் இருக்கு. அதுவரைக்கும் இதப் பத்திக் கேக்காம இருங்க. கேக்காம இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கறேன்."

"ஒரே ஒரு..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஊதுபத்தியில் இன்னும் விரல் நீளம் மீதி இருந்தது. போன் மூன்றாவது முறை அதிர்ந்து பொட்டலத்தை விளிம்புவரை நகர்த்தியது. அவள் எடுக்கவில்லை. மடியில் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். மேஜைக்கு அடியில் அவள் கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.