மூணு கொட்டேஷன் பூட்டு வாங்கிய சரித்திரம்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கொள்முதல் பிரிவில் வெகுகாலமாகக் குப்பை கொட்டிவரும் அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. வார்டு ஆயா முதல் தலைமை டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் 'மூணு கொட்டேஷன்'. படுக்கை விரிப்பாகட்டும், பினாயிலாகட்டும், பிணவறைக்குக் குளிர்பெட்டியாகட்டும், மூன்று கடைகளில் விலை கேட்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட மூன்று இடத்தில் பெண் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தார் என்று சொல்வார்கள். அது அபாண்டம். அவர் பார்த்தது இரண்டு இடத்தில்தான். மூன்றாவது இடத்தார் அவரைப் பார்த்துவிட்டு, போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்கு மாமனார் உருவில் சோதனை வந்தது.

மாமனார் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கியவர். நாள் முழுக்க வானத்துக்கும் பூமிக்கும் போய்வந்துகொண்டே, நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகராத உத்தியோகம். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு மகள் வீட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் அவருடைய ஞாபகம் மாடி மாடியாக விளக்கை அணைக்கத் தொடங்கியது. முதலில் கண்ணாடி வைத்த இடம் போயிற்று. பிறகு கிழமை. பிறகு மருமகன். அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்று மகள் சொன்னாள். வேலைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் போகவில்லை. வீட்டில் ஆளில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துத் தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சில நாள் தானாகவே திரும்பிவிடுவார். சில நாள் தேடிப் போக வேண்டியிருக்கும். ஒருமுறை ஜவுளிக்கடை லிஃப்டுக்குள்ளிருந்து மீட்டார்கள். பட்டன் பக்கம் நின்றுகொண்டு, ஏறுகிறவர்களை எத்தனாவது மாடி என்று விசாரித்து, மரியாதையாகக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். கடை மேனேஜர் குறை ஒன்றும் சொல்லவில்லை. நல்ல ஆள்தான், யார் வேலைக்கு வைத்தது என்றுதான் தெரியவில்லை என்றார். இன்னொரு முறை மீட்ட இடம் லாரிகள் பறக்கும் பெரிய சாலையின் நடுத்திட்டு. அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள். லீவு என்ற சொல்லை இனி உச்சரிக்கக் கூடாது என்று மேலதிகாரி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அமர்த்திய அம்மாளுக்கு அவர் பின்னால் ஓடி ஓடி முழங்கால் வீங்கிப்போக, அந்த அம்மாள் வேலையை விட்டு நின்றுவிட்டார். ஒருநாள் வெளியே பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று மாமனார் கத்தியதில் தெருவே திரண்டுவிட்டது. தீ கீ பிடித்தால் பெரியவர் என்ன செய்வார் என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா கேட்ட ஒரு கேள்வியில், மகள் அந்தப் பூட்டைக் கையால் தொடுவதையே விட்டுவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் மூணு கொட்டேஷனின் செல்போனில் விளம்பரம் வந்தது. சாவியே இல்லாத ஸ்மார்ட் பூட்டு. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் உங்கள் வாசற்கதவு உங்கள் உள்ளங்கையில். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கதவு பாட்டுக்கு மூடிக் கிடக்கும். ஆபத்து என்றால் ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஒரு விரலால் திறந்துவிடலாம். மாமனார் பத்திரம், மனைவியின் வேலையும் பத்திரம்.

விதிப்படி மூன்று கடை ஏறினார். முதல் கடையில் முகம் பார்த்துத் திறக்கும் பூட்டைக் காட்டினார்கள். நாலு நாள் ஷேவ் பண்ணாவிட்டால் என்னைத் தெரியுமா என்று கேட்டார். இரண்டாம் கடையில் விரல் ரேகைப் பூட்டு. வெங்காயம் உரித்த விரலை ஏற்குமா, மழையில் ஊறிய விரலை ஏற்குமா, பேட்டரி செத்தால் என்ன கதி, திருடன் சுத்தியலால் அடித்தால் எத்தனை அடி தாங்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்றாம் கடை விற்பனையாளரிடம், திருடன் நம் விரலையே வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் பூட்டு என்ன செய்யும் என்று கேட்டார்.

"அப்புறம் பூட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சார்?" என்றார் விற்பனையாளர், களைத்துப்போய்.

இதற்குள் மாமனார் மறுபடியும் இரண்டு தடவை போய்வந்துவிட்டார். கட்டம் போட்ட காகிதத்தில் பூட்டுகளின் நிறைகுறைகளைச் சிவப்பு மையில் நிரப்பிக்கொண்டிருந்த கணவரை மனைவி சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, அப்பா ஒரேடியா காணாமப் போறதுக்குள்ள வாங்கிடுவீங்களா?"

வாங்கிவிட்டார். எல்லாக் கட்டத்திலும் முதல் மதிப்பெண் எடுத்த பூட்டு. பொருத்த வந்த பிட்டர், கதவில் இருந்த பழைய பூட்டைப் பிடுங்கி, பெரிதாகத் துளை போட்டு, கறுப்பாகப் பளபளக்கும் புதியதை உட்கார வைத்தார். மாமனார் எதிரே நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்க வித்தையெல்லாம் காட்டி முடித்த பிட்டர் உள்ளே வந்தார்.

"உள்ளேருந்து ஒண்ணும் தேவையில்ல சார். கைப்பிடியைத் திருப்பினா போதும், யாரு வேணாலும் தொறக்கலாம்."

மூணு கொட்டேஷனுக்குக் காது அடைத்தது. யார் வேண்டுமானாலுமா என்று கேட்டார்.

"ஆமா சார். தீப்பிடிச்சா வெளிய ஓடணுமில்ல? எந்தக் கம்பெனி பூட்டும் இப்படித்தான்."

மூன்று கடையில், வெங்காயத்திலிருந்து வெட்டுப்பட்ட விரல் வரை, அவர் கேட்ட அத்தனை கேள்வியும் கதவுக்கு வெளியே நின்று கேட்டவை. உள்ளே இருப்பவரைப் பற்றி ஒரு கட்டம்கூடப் போட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்கிப் பழகிய மனசு, பூட்டு என்றால் திருடன் என்றே ஓடிவிட்டது. உள்ளே இருப்பவர் திறக்க முடியாதபடி ஒரு பூட்டு கிடைக்காதா என்று ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"அதெல்லாம் ஜெயிலுக்குத்தான் சார் செய்வாங்க," என்ற பிட்டர், அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கென்று கைப்பிடியின் ஓரத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்பினால்தான் திறக்கும். விவரம் தெரியாதவர்களுக்கு வராது.

மூணு கொட்டேஷனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே கதவருகே போனார். பட்டனை அழுத்தினார், கைப்பிடியைத் திருப்பினார், கதவைத் திறந்து பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"கிரவுண்ட் ஃப்ளோர். பாத்து எறங்குங்க சார்."

பிட்டர் இறங்கிப் போய்விட்டார். மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனவள், அங்கே போய்ச் சிரிக்கவில்லை. பூட்டைத் திருப்பித் தரலாமா என்று மூணு கொட்டேஷன் கடைக்குப் போன் போட்டார். தாராளமாகத் தரலாம், கதவில் துளை போடாமல் இருந்தால் என்றார்கள்.

சரி, திருடனுக்காவது ஆயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பூட்டு அதற்கும் விடவில்லை. கதவு சாத்திய மாத்திரத்தில் தானே பூட்டிக்கொள்ளும் என்பது அதன் பெருமைகளில் ஒன்று. சிவப்பு மையில் இதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார். முன்பெல்லாம் மாமனார் கதவை ஒருக்களித்துவிட்டுப் போவார். வழி தப்பாத நாளில் அதே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து படுத்துவிடுவார். அடுத்த வாரம் அவர் போனபோது கதவு பின்னால் தானே சாத்திக்கொண்டது. அன்று பார்த்து அவருக்கு வழி தப்பவில்லை.

மகள் வேலை முடிந்து வந்தபோது, வெயிலில் முகம் கன்றிப்போய், கைகளைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். என்ன ஏது என்று தையல்காரம்மா மத்தியானமே கேட்டிருக்கிறார். உள்ளே பெண் ஒருத்தி இருக்கிறாள், திறந்துவிடுவாள் என்று மாமனார் சொல்லவே, வீட்டில் ஆளிருக்கிறது என்று தன் மெஷினுக்குத் திரும்பிவிட்டார்.

"எந்தப் பொண்ணுப்பா?" என்றாள் மகள்.

"நல்ல பொண்ணும்மா. குரல்லயே மரியாதை தெரியுது. கைய வெச்சா, மீண்டும் முயற்சி செய்யுங்கள்னு சொல்றா. நானும் செஞ்சு பாக்குறேன். தொறக்கத்தான் மாட்டேங்குறா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவளத் திட்டாத. யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருப்பாரு."

கை உரசும்போதெல்லாம் பூட்டு பேசிய குரலோடுதான் அவர் அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மகள் அவரை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கும் கொடுத்தாயா என்று கேட்டார்.

அவர் முகத்தையும் ரேகையையும் பதிந்து வைத்தாலும், எங்கே பார்க்க வேண்டும், எங்கே விரல் வைக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவிருக்காது. அன்றைக்கே முடிவாயிற்று. தானே பூட்டிக்கொள்ளும் வேலையை அணைத்துவிட்டார்கள். முகம் தெரிந்த, ரேகை தெரிந்த, சுத்தியலுக்கு அசையாத அந்தப் பூட்டு இப்போது பகல் முழுக்கப் பூட்டாமல் கிடக்கிறது. யார் தள்ளினாலும் கதவு திறக்கும். திருடன் வந்தால் வரட்டும், அப்பா வந்தால் உள்ளே வர வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். பூட்டுக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை, கதவு திறந்தால் இருவர் போனுக்கும் செய்தி அனுப்புவது.

முதல் செய்தி என்றால் போகிறார், அடுத்தது என்றால் வருகிறார் என்று மூணு கொட்டேஷன் ஒரு கணக்கு வைத்துப் பார்த்தார். மாமனார் சும்மா திறந்து தெருவைப் பார்த்துவிட்டுச் சாத்தும் நாளில் கணக்கு உதைத்தது. காற்றும் அவ்வப்போது உள்ளே போய் வந்தது. கேமரா ஒன்று வைத்தால் தெரியும். அதற்கு இரண்டு கடையில் விலை வந்துவிட்டது. மூன்றாவது வர வேண்டியிருக்கிறது.

நேற்று மத்தியானம், தலையணை உறைக்கு வந்த விலைப்புள்ளிகளை அதிகாரிகள் முன்னிலையில் அவர் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. உங்கள் கதவு திறக்கப்பட்டது. வீட்டுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மாமனார் போனை எடுப்பதை விட்டு ரொம்ப நாளாகிறது. தையல்காரம்மா போனும் எடுபடவில்லை. அதற்குள் மனைவியின் அழைப்பு வந்தது.

"ஒங்களுக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"வெளிய போறாரா, உள்ள வர்றாராங்க?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, அந்த மூன்றே சொல்லை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். மேசைக்கு எதிரே அதிகாரிகள் காத்திருந்தார்கள். அவள் பக்கம் யாரோ சில்லறையைக் கண்ணாடியில் தட்டி டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தொறந்திருக்கும்மா," என்றார். "அவ்வளவுதான் போட்டிருக்கு."

அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.