பூஜையில் இருந்த கம்ப்யூட்டர்

எனக்குச் சோறு போட்டது சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ். பகலெல்லாம் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்வேன். வெப்சைட் எழுதுவது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான், ஓசியில் செய்து தருவான் என்று பெயராகிவிடும். அந்தப் பெயரோடுதான் இரண்டாயிரங்களின் சீசன்களை எல்லாம் ஓட்டினேன். இப்போது புரோகிராம் எழுத வரும் பிள்ளைகள் கேட்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். அலுப்போடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. "சின்ன வேலைதான்"

இந்த வார்த்தையைக் கேட்டால் இன்றும் ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்ப்பேன். முதலில் சொன்னவர் எங்கள் பிரஸ் முதலாளி.

"தம்பி, சின்ன வேலைதான். பெட்டி அளவப் போட்டா ஒரு ஷீட்ல எத்தன விழும்னு கம்ப்யூட்டர் சொல்லணும். அம்புட்டுத்தான்."

ஜாவாஸ்கிரிப்டில் ஒரே பக்கமாக எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே வேலை செய்தது. அதுதான் வினையானது. "அப்படியே மை எவ்வளவு ஆகும்னும் சொன்னா நல்லாருக்கும்" என்றார். அப்படியே லோடு எப்போது கிளம்பும் என்று சொல்ல வேண்டும். அப்படியே அவர் மருமகனுக்கு ஒரு வெப்சைட் வேண்டும். வேலையை ஒத்துக்கொள்ளும்போதே, இந்த புரோகிராம் என்னவெல்லாம் செய்யாது என்று சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

2. கோலம்

சாத்தூரில் ஒரு தீப்பெட்டி கம்பெனிக்குத் தமிழிலேயே வெப்சைட் பக்கம் செய்தேன். என் கம்ப்யூட்டரில் எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. முதலாளி ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திறந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் போட்டார்.

"என்னலே இது, எம் பேரு இருக்க வேண்டிய இடத்துல கட்டம் கட்டமா கோலம் போட்டுருக்கு?"

அந்த ஃபான்ட் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. அன்று முதல் எதை எழுதினாலும் இன்னொருவர் கம்ப்யூட்டரில் பார்க்காமல் முடிந்தது என்று சொல்வதில்லை.

3. இருப்பு உள்ளது

இதுதான் நான் சொல்ல வந்தது.

சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசு மொத்த வியாபாரக் கடை. கடைக்காரர் செல்வராஜ் அண்ணாச்சி. வெளியூர் ஆட்கள் போனில் "கிஃப்ட் பாக்ஸ் இருக்கா, சரம் இருக்கா" என்று கேட்டே அவர் தொண்டை கட்டிப்போனது. அதனால் ஒரு வெப்சைட் பக்கம் கேட்டார். பிஎச்பியில் எழுதினேன். ஆபீசில் இருக்கும் முத்துலட்சுமி அக்கா லோடு ஏறும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வெளியூர்க்காரர் வெப்சைட்டைத் திறந்தால் 'இருப்பு உள்ளது' அல்லது 'தீர்ந்தது' என்று தெரியும். அக்கா இதில் கெட்டி. ஒரு லோடு விட்டதில்லை. நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி நேரம். அண்ணாச்சி கடையில் தராசு, பில் புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஆபீஸ் அறையைப் பூட்டினார்கள். மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்டுத்தான் தொட வேண்டும். ஆனால் லாரிக்கு அந்தக் கணக்கு இல்லை. எலுமிச்சம்பழத்தை டயருக்கு வைத்து நசுக்கிவிட்டால் அன்றே ஓடலாம். பூஜை முடிந்ததும் பின்னால் குடோனில் லோடு ஏறியது. பூஜைப் பொரி கடலை வாங்க அங்கே போயிருந்த நான் அதைப் பார்த்தேன்.

"அக்கா, லோடு போகுதே. கம்ப்யூட்டர்ல குறைக்கணுமே" என்றேன்.

"பூசையில இருக்கதப் போயித் தொடச் சொல்றியேப்பா. ஒன் வீட்டுல நீ தொடுவியா?"

தொடமாட்டேன்தான். என் கம்ப்யூட்டரும் மாலை போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தது. பொரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பிரஸ்ஸில் மறுபூஜை முடிந்த கையோடு அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏலே, ஒன் கம்ப்யூட்டரு என் மானத்த வாங்கிருச்சு. ஒடனே வா இங்கன."

போய்ப் பார்த்தால் கடை வாசலில் ஒரு வேன். பக்கத்தில் கோமதி என்ற அம்மா நின்றிருந்தார். பரமக்குடியில் தையல் வகுப்பு நடத்துகிறவர். தெருப் பெண்களைச் சேர்த்துத் தீபாவளிச் சீட்டு பிடிக்கிறார். வருஷம் முழுக்கக் கட்டியவர்களுக்கு ஆளுக்கொரு கிஃப்ட் பாக்ஸ். அவர் வீட்டுக்காரர் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் அங்கே பூஜைக்கு வைக்காத ஒரு கம்ப்யூட்டரில் இந்த அம்மா எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, விடியும் முன்பே வேன் பிடித்து வந்திருக்கிறார். குடோனில் ஒரு கிஃப்ட் பாக்ஸ் கூட இல்லை. எல்லாம் முந்தின நாள் லாரியில் போய்விட்டன.

"வெறுங்கையோட நான் எப்படித் தெருவுக்குள்ள போவேன், சொல்லுங்க" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

அண்ணாச்சி கடுகடுவென்று இருந்தாலும் நல்ல மனுஷர். "மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம்லாம் உதிரியா கெடக்கு. நாமளே போட்டுக் கட்டிக் குடுத்துருவோம். பெட்டிக்குத்தான் எங்க போறது?" என்றார்.

எங்கள் பிரஸ்ஸில் கலர் விலகி அச்சானதால் கழித்துப்போட்ட பெட்டிகள் ஒரு மூலையில் கிடந்தன. முதலாளியிடம் கேட்டு ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்தேன். படத்தில் இருந்த குழந்தைக்கு உதடு ஓர் இடத்தில், உதட்டுச் சிவப்பு இன்னோர் இடத்தில். கோமதியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முத்துலட்சுமி அக்கா, நான், அண்ணாச்சி வீட்டு அம்மா, லோடுமேன்கள் என்று எல்லாரும் உட்கார்ந்து நிரப்பினோம். முதுகு கழன்றுவிட்டது. பெட்டி மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் எரிந்தது.

அப்படியும் தரைச்சக்கரம் போதவில்லை. கடைசிப் பெட்டிகள் கொஞ்சம் இளைத்துத்தான் போயின. "அதுல ஒண்ண நான் எடுத்துக்கிறேன். மத்தத எங்க அக்கா தங்கச்சிகளுக்குக் குடுத்துருவேன். அவங்க திட்டுனா வாங்கிக்கலாம்" என்று கோமதியம்மா அவற்றைத் தனியாகக் கட்டிவைத்தார்.

வேன் கிளம்பும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, நேத்து பூஜை. யாரும் கம்ப்யூட்டரத் தொடல. அம்புட்டுத் தூரம் வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?"

"பண்ணேன் தம்பி. ரெண்டு மூணு தரம் பண்ணேன். யாரும் எடுக்கல. போனு மட்டும்னா, ஆள் இல்லைன்னு புரிஞ்சு நானும் பேசாம இருந்திருப்பேன். உங்க பக்கம் மட்டுந்தான் கேட்டவுடனே இருக்குன்னு பதில் சொல்லுச்சு. அத நம்பித்தான் வந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பூட்டிய அறைக்குள் போன் அடித்து ஓய்ந்திருக்கிறது. அது பொய் சொல்லவில்லை. நான் எழுதியது சொல்லியிருக்கிறது.

அந்த வாரமே புரோகிராமைத் திருத்தினேன். கடைசியாகக் கம்ப்யூட்டரில் லோடுக் கணக்கு ஏற்றிப் பாதி நாள் கடந்துவிட்டால், 'இருப்பு உள்ளது' தானாக மறைந்து, 'இப்போது இருப்பு தெரியவில்லை, கேட்டுவிட்டு வரவும்' என்று வரும். சின்ன வேலைதான், நாலைந்து வரி.

அண்ணாச்சிக்கு அது பிடிக்கவேயில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் கூப்பிட்டு, "தெரியலைன்னு போர்டு மாட்டுனா எந்த யாவாரிலே வருவான்? அத எடுத்துரு" என்பார். மற்ற எல்லாவற்றையும் அவர் சொன்னபடி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கலரை மாற்றினேன், ஓடுகிற எழுத்து கேட்டார், அந்தக் கண்றாவியையும் போட்டேன். அந்த வரியை மட்டும் எடுக்கவில்லை.